ஆவியோடு காதல், அனுமதியோடு திரையிடல்: 1947-ன் ஹாலிவுட் படமொன்றைப் பொதுவில் காட்ட ஒரு வழிகாட்டி

‘தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்’ படத்தை உங்கள் ஊர் நூலகத்திலோ, கல்லூரி அரங்கிலோ, குடியிருப்பின் பொது ஹாலிலோ ஐம்பது பேரோடு உட்கார்ந்து பார்க்க ஆசையா? விதவை லூசிக்கும், அவள் குடிவரும் கடலோர வீட்டின் பழைய சொந்தக்காரரான மாலுமி கேப்டன் கிரெக்கின் ஆவிக்கும் இடையிலான கதை அது. டிஸ்க் கையில் இருக்கிறது, ப்ரொஜெக்டர் இருக்கிறது, இனி என்ன வேண்டும் என்று கிளம்புபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, திரையிடும் உரிமம். மற்றொன்று, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு ப்ரொஜெக்டரைத் தயார் செய்யாமல் விடுவது. முதலாவது பணத்தைக் கரைக்கும். இரண்டாவது படத்தையே கெடுக்கும். இங்கே சொல்லியிருப்பதெல்லாம் அமெரிக்காவில் நடத்தும் திரையிடல்களுக்கு மட்டும். மற்ற நாடுகளில் சட்டம் வேறு, உரிமம் தரும் இடமும் வேறு.

1. எந்தப் படம் என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள்

சிரிக்காதீர்கள், முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. இதே தலைப்பில் 1968 முதல் 1970 வரை ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதில் நடித்தவர்கள் ஹோப் லாங்கும் எட்வர்ட் மல்ஹேரும். ‘கோஸ்ட்’ என்று மட்டும் தேடினால் 1990-ல் வந்த வேறொரு படம் முன்னால் வந்து நிற்கும். விண்ணப்பம், ஹால் பதிவு, அறிவிப்பு எல்லாவற்றிலும் இப்படி எழுதுங்கள்: ‘தி கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்’, 1947, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், இயக்கம் ஜோசப் எல். மான்கிவிச், கறுப்பு வெள்ளை, 104 நிமிடம்.

விண்ணப்பப் படிவத்தில் வயதுத் தரம் கேட்கும் கட்டம் ஒன்று இருக்கலாம். இப்போதுள்ள தர முறை அமெரிக்காவில் 1968-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்களுக்கு அந்தக் கட்டத்தில் ஊகித்து ஒரு எழுத்தைப் போடாமல், உரிமம் தரும் நிறுவனத்தின் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதையே போடுங்கள்.

2. உங்களுடையது ‘பொது’ திரையிடலா என்று பாருங்கள்

அமெரிக்கக் காப்புரிமைச் சட்டம் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. இடம் பொதுமக்களுக்குத் திறந்ததா? இல்லையென்றால், குடும்பம், நெருங்கிய பழக்கம் என்ற வட்டத்தைத் தாண்டி குறிப்பிடத்தக்க அளவு ஆட்கள் கூடுகிறார்களா? இதில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலே அது பொதுத் திரையிடல். வீட்டு ஹாலில் நண்பர்களோடு பார்ப்பது தனிப்பட்டது. குடியிருப்புச் சங்க ஹாலில் குறுஞ்செய்தி அனுப்பி எல்லோரையும் கூப்பிடுவது பொது.

அடிக்கடி கேட்கும் சமாதானங்களும் அவற்றுக்கான பதில்களும்:

“டிக்கெட் போடவில்லையே.” இலவசம் என்பதால் மட்டும் விலக்கு கிடையாது.

“டிஸ்கைக் காசு கொடுத்துத்தான் வாங்கினோம்.” நீங்கள் வாங்கியது வீட்டில் பார்க்கும் உரிமையை மட்டும். நூலகம் வைத்திருக்கும் டிஸ்குக்கும் இதுவே பொருந்தும்.

“ஸ்ட்ரீமிங்கில் சந்தா இருக்கிறது.” அந்தச் சந்தாக்களின் நிபந்தனைகளைப் படியுங்கள். பெரும்பாலும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி. தனியே உரிமம் வாங்கிவிட்டு அந்தக் கணக்கிலிருந்து போடலாம் என்று எண்ணுவதும் தப்பு. இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள்.

“இவ்வளவு பழைய படம், காப்புரிமை காலாவதியாகியிருக்கும்.” ஆகவில்லை. 1947-ல் வெளியான இந்த ஸ்டுடியோ படத்துக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். அதாவது 2042 முடியும்வரை. இணையத்தில் யாரோ ‘காப்புரிமை இல்லாதது’ என்று குறிப்பெழுதி ஏற்றியிருந்தால், அது ஏற்றியவரின் நம்பிக்கை, அவ்வளவுதான்.

உண்மையான விலக்கு ஒன்று உண்டு. லாப நோக்கமற்ற கல்வி நிறுவனத்தில், வகுப்பறையில், ஆசிரியரும் மாணவர்களும் நேருக்கு நேர் இருக்க, பாடத்தின் பகுதியாக, சட்டப்படி தயாரான பிரதியைக் காட்டலாம். இந்த நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். அதே கல்லூரியின் திரைப்பட மன்றம் வெள்ளிக்கிழமை மாலை நடத்தும் காட்சிக்கு இது பொருந்தாது.

உரிமம் இல்லாமல் போட்டு வழக்கு வந்தால், சட்டம் குறித்திருக்கும் இழப்பீடு ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை. தெரிந்தே செய்தது என்றால் 1,50,000 டாலர் வரை போகலாம்.

3. உரிமம்: யாரிடம், எந்த வகை

ஃபாக்ஸ் ஸ்டுடியோ 2019 மார்ச்சில் டிஸ்னியின் கைக்குப் போனது. அதனால் பழைய கையேடுகளிலும் மன்றங்களின் பழைய கோப்புகளிலும் இருக்கும் முகவர் பெயர்களை நம்பி அனுப்பினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். டிஸ்னி படங்களுக்கு, திரையரங்கு அல்லாத இடங்களின் உரிமத்தைக் கையாளும் நிறுவனம் ஸ்வாங்க் மோஷன் பிக்சர்ஸ். அங்கே தொடங்குங்கள். அவர்களின் பட்டியலில் படத்தின் பெயரைத் தேடி, 1947 பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். டிக்கெட் விற்கும் சினிமா தியேட்டரில் போடுவதானால் அது வேறு வழி: டிஸ்னியின் விநியோகப் பிரிவிடமே தியேட்டர்காரர் கேட்க வேண்டும். ஒரு மன்றம் தியேட்டரை வாடகைக்கு எடுத்து நடத்தும்போது எந்த வகை பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உரிமங்கள் பொதுவாக இரண்டு வகை.

ஒற்றைப் படத்துக்கான உரிமம்: குறிப்பிட்ட படம், குறிப்பிட்ட இடம், குறிப்பிட்ட தேதி. தேதி மாறினால் முன்கூட்டிச் சொல்லி மாற்ற வேண்டும். மழையென்று அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டுப் பழைய தாளையே வைத்துக்கொண்டு போடக் கூடாது.

ஆண்டு உரிமம்: நூலகங்களும் சில குடியிருப்பு வளாகங்களும் ஆண்டுக் கட்டணம் கட்டி வைத்திருப்பார்கள். உங்கள் நூலகத்தில் இது இருந்தால் உங்கள் செலவில் பாதி அங்கேயே குறைந்துவிடும். ஆகவே முதல் தொலைபேசி அழைப்பு நூலகருக்குத்தான் போக வேண்டும். ஆனால் கேட்கும்போது “லைசென்ஸ் இருக்கிறதா” என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். உரிமத்தில் இணைந்துள்ள ஸ்டுடியோ பட்டியலில் ட்வென்டியத் செஞ்சுரி இருக்கிறதா? வெளி அமைப்பு ஒன்று ஹாலை வாங்கி நடத்தினாலும் செல்லுமா, அல்லது நூலகமே நடத்துகிற நிகழ்ச்சிக்கு மட்டுமா? கட்டணம் வசூலிக்கலாமா? இரண்டாவது கேள்வியில்தான் பலர் வழுக்குகிறார்கள். நூலகத்தை இணை நடத்துநராகச் சேர்த்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடுவது உண்டு. நூலகர்களும் பெரும்பாலும் மறுப்பதில்லை.

விண்ணப்பிக்கும்போது தயாராக இருக்க வேண்டியவை: அமைப்பின் சட்டப்படியான பெயர், லாப நோக்கமற்றது என்றால் அதற்கான கடிதத்தின் நகல், பொறுப்பாளர் ஒருவரின் தொடர்பு, இடத்தின் முழு முகவரி, இருக்கை எண்ணிக்கை, எதிர்பார்க்கும் கூட்டம், தேதி, காட்சிகளின் எண்ணிக்கை, உள்ளரங்கமா வெளியரங்கமா, கட்டணம் உண்டா இல்லையா. ‘நன்கொடை விரும்பினால் கொடுக்கலாம்’ என்று உண்டியல் வைப்பதும் இந்தக் கடைசிக் கேள்விக்குள் வரும். அதைச் சொல்லாமல் மறைத்தால் நீங்கள் வாங்கிய உரிமம் நீங்கள் நடத்திய நிகழ்ச்சிக்கானதாக இருக்காது.

4. செலவு

ஒற்றைப் படத்துக்கான உரிமத்துக்குச் சில நூறு டாலர் ஒதுக்கி வையுங்கள். இருக்கை, கூட்டம், கட்டணம் இவற்றைப் பொறுத்து மாறும். டிக்கெட் வைத்தால் கணக்கே வேறாகிவிடும்: ஒரு குறைந்தபட்சத் தொகை, அல்லது வசூலில் ஒரு சதவீதம், இதில் எது அதிகமோ அது என்பதுதான் வழக்கம். சிறு மன்றம் டிக்கெட் போட்டுச் சம்பாதிக்க நினைத்தால் கணக்குப் புத்தகம்தான் தடிக்கும். உறுப்பினர் சந்தாவிலிருந்து உரிமத்தைக் கட்டிவிட்டு இலவசமாகக் காட்டுவதே நல்லது.

ஹால் வாடகையோடு துப்புரவுக் கட்டணம், திரும்பத் தரும் வைப்புத் தொகை, அலுவல் நேரம் தாண்டினால் காவலாளிக்கான மணிக் கூலி ஆகியவை ஒட்டிக்கொண்டு வரும். வாடகையை மட்டும் கேட்டுவிட்டு ஃபோனை வைக்காதீர்கள். பல ஹால்கள் பத்து லட்சம் டாலர் அளவிலான பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்கும், அதில் ஹாலின் பெயரையும் சேர்க்கச் சொல்லும். ஒருநாள் நிகழ்ச்சிக் காப்பீடாகத் தனியே வாங்கலாம். 100 முதல் 200 டாலருக்குள் முடிப்பது சாத்தியம். சான்றிதழில் ஹாலின் பெயர் எழுத்துக்கு எழுத்து அவர்கள் தந்தபடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள்.

படம் தொடங்குமுன் ஹாலில் பாட்டு ஒலிக்கவிட விரும்பினால் அது தனி உரிமை. படத்துக்கான உரிமம் அதற்குப் பொருந்தாது. ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற இசை அமைப்புகளின் உரிமம் ஹாலுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பாட்டு வேண்டாம், மக்கள் பேசிக்கொண்டிருக்கட்டும்.

5. காலக்கெடு

எட்டு வாரம் முன்பு ஹாலையும் உரிமத்தையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். ஹாலுக்கு முன்பணம் கட்டியபின் உரிமம் மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் உரிமத்தின் பதில் வந்திருக்க வேண்டும்; வராவிட்டால் மின்னஞ்சலை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் பிடியுங்கள். நான்கு வாரம் முன்பு டிஸ்க் கையில் இருக்க வேண்டும், முழுப் படத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அறிவிப்பு, உரிமத்தாள் கைக்கு வந்த பிறகுதான். ஒரு வாரம் முன்பு, அதே ஹாலில், அதே நேரத்தில் சோதனை ஓட்டம்.

‘அதே நேரத்தில்’ என்பதற்குக் காரணம் இருக்கிறது. கோடையில் மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜன்னலுள்ள ஹாலில் இரவு ஒன்பதுக்குச் சோதித்துவிட்டு ஏழு மணிக்குப் படம் போட்டால் கேப்டனின் முகமே தெரியாது.

ஹால் பதிவு நேரம்: படம் 104 நிமிடம், முன்னுரை ஐந்து, பேச்சு முப்பது, முன்னும் பின்னும் அமைக்கவும் பிரிக்கவும் ஒரு மணி நேரம். மூன்றரை மணிக்குக் குறையாமல் எடுங்கள்.

6. டிஸ்க் வாங்கும்போது

ப்ளூ-ரே கிடைத்தால் அதையே வாங்குங்கள். டிவிடி சிறு திரைக்குப் போதும்; பத்தடித் திரையில் சாம்பல் நிறங்கள் குழம்பிவிடும். சில முகவர்கள் உரிமத்தோடு பிரதியும் தருவார்கள், சிலர் தரமாட்டார்கள். கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

விலை குறைவாக இருக்கிறதென்று பிரிட்டனிலிருந்து வரவழைக்கும் டிவிடிதான் பெரிய பள்ளம். முதலில், மண்டலக் குறியீடு வேறு என்பதால் அமெரிக்க இயந்திரத்தில் ஓடாமல் போகலாம். ஓடினாலும், அங்கத்திய டிவிடிகள் நொடிக்கு 25 சட்டகமாக ஓடுபவை. படம் எடுக்கப்பட்டது 24-ல். 104 நிமிடப் படம் சுமார் 100 நிமிடத்தில் முடியும், சுருதியும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறிவிடும். பெர்னார்ட் ஹெர்மனின் இசைக்காகவே இந்தப் படத்தைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இதைச் செய்யாதீர்கள்.

டிஸ்கை மடிக்கணினிக்குப் படியெடுத்து ஓட்டலாம் என்ற யோசனையும் வேண்டாம். டிஸ்கின் பூட்டை உடைத்துப் படியெடுப்பது தனிச் சட்டமீறல். தனி ப்ளூ-ரே பிளேயர் ஒன்றைக் கொண்டுபோங்கள், ரிமோட்டோடு. ரிமோட்டுக்கு மாற்று பேட்டரியும்.

7. திரையும் ப்ரொஜெக்டரும்

இந்தப் படத்தின் சட்ட விகிதம் 1.37-க்கு 1. கிட்டத்தட்ட சதுரமான பழைய வடிவம். இன்றைய 16:9 திரையில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வர வேண்டும். பத்தடி அகலத் திரையென்றால் உயரம் ஐந்தடி ஏழரை அங்குலம், படத்தின் அகலம் சுமார் ஏழேமுக்கால் அடி, பக்கத்துக்கு ஓரடிக்குச் சற்று மேல் கறுப்பு. யாராவது ஒருவர் “திரை முழுக்க வரவில்லையே” என்று ரிமோட்டை எடுப்பார். கொடுக்காதீர்கள். இழுத்து நிரப்பினால் லூசியாக வரும் ஜீன் டியர்னியின் முகம் அகலமாகிவிடும். பெரிதாக்கி நிரப்பினால் தலையும் காலும் வெட்டுப்படும்.

பழைய 4:3 திரை உள்ள நூலகம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் ப்ளூ-ரேயின் சமிக்ஞை 16:9 என்பதால் முதலில் நான்கு பக்கமும் கறுப்போடு சிறிதாகத் தெரியும். ப்ரொஜெக்டரின் லென்ஸ் ஜூமைத் திருகி, கறுப்புப் பட்டைகள் திரைக்கு வெளியே விழும்வரை பெரிதாக்குங்கள். மெனுவில் உள்ள ஜூமைத் தொட வேண்டாம்.

வெளிச்சம்: இருட்டான அறையில் பத்தடித் திரைக்கு 2,000 லூமன் போதும். 5,000 லூமன் அலுவலக ப்ரொஜெக்டரைவிட, கறுப்பைக் கறுப்பாகக் காட்டும் 2,000 லூமன் வீட்டு சினிமா ப்ரொஜெக்டர் மேல். சார்லஸ் லாங்கின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே பரிந்துரையும் அதுதான். அவர் வேலை பாதிக்கு மேல் நிழலில் நடக்கிறது. அறையில் வெளியேறும் வழி விளக்குகளை அணைக்கக் கூடாது. அவை திரையில் படாத இடமாகத் திரையை நகர்த்துங்கள்.

மெனுவில் மாற்ற வேண்டியவை: படப் பயன்முறை ‘சினிமா’, நிறவெப்பம் 6500 கெல்வின் (இல்லையென்றால் வெள்ளை நீலம் பாயும்), அசைவை மென்மையாக்கும் வசதி அணைப்பு, ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேன் அணைப்பு. நிறச்சக்கரம் உள்ள ஒற்றைச் சில்லு டிஎல்பி ப்ரொஜெக்டரில் கறுப்பு வெள்ளை விளிம்புகளில் சிலருக்கு வானவில் கீற்று தெரியும். எல்லோருக்கும் தெரியாது, தெரிபவருக்குத் தலைவலி. வேறு இயந்திரம் இருந்தால் மாற்றுங்கள்.

மூன்று காட்சிகளை வைத்துச் சோதியுங்கள். முதலில், லூசி வீட்டைப் பார்க்க வரும்போது இருட்டறையில் கேப்டன் கிரெக்கின் ஓவியம் முகம் மட்டும் பளிச்சிடும் இடம்: முகத்தைச் சுற்றியுள்ள இருட்டு சாம்பலாகத் தெரிந்தால் பிரகாசம் அதிகம். அடுத்து, இரவில் சமையலறையில் அவள் ஏற்றும் சுடர் அணைந்து அணைந்து போகும் இடம்: அவள் உருவம் இருட்டில் முழுக்கக் கரைந்தால் பிரகாசம் குறைவு. கடைசியாக, கடற்கரை மரத்தூணில் சிறுமி ஆனாவின் பெயர் செதுக்கியிருப்பது. ஆண்டுகள் ஓடுவதை இந்தப் படம் அந்தத் தூணையும் அலையையும் வைத்தே சொல்கிறது. கடைசி வரிசையிலிருந்து அந்த எழுத்துகளைப் படிக்க முடிய வேண்டும்.

கேபிள் விஷயம் சுருக்கமாக. பழைய விஜிஏ வழியில் ப்ளூ-ரே வராது. எச்டிஎம்ஐ வேண்டும், ப்ரொஜெக்டர் எச்டிசிபி என்ற நகலெடுப்புத் தடுப்பை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் மெனுகூட வராமல் வெறும் திரை நிற்கும். ஐம்பதடிக்கு மேல் சாதாரண கேபிள் நம்பத்தக்கதல்ல. ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள், அதன் இரு முனைகளில் எது பிளேயருக்கு என்று பார்த்துச் செருகுங்கள். திருப்பிச் செருகினால் வேலை செய்யாது.

8. ஒலியும் சப்டைட்டிலும்

படம் மோனோ ஒலியில் எடுத்தது. டிஸ்க் மெனுவில் மோனோ தடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் ஒலியைச் சுற்றிலும் பரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். பரப்பினால் கேப்டனின் குரல் அறை மூலையிலிருந்து வரும். பேய் என்பதால் பரவாயில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம், ஆனால் பக்கத்தில் நின்று பேசும் லூசியின் குரலும் அங்கிருந்தே வரும்.

ஒலி அளவைச் சரிபார்க்க ஒரு நல்ல இடம்: கேப்டன் தன் கடல் வாழ்க்கையைச் சொல்ல லூசி தட்டச்சு செய்கிறாள். ஒரு சொல்லை அடிக்க மறுக்கிறாள். அவன் விடவில்லை. பிறகு நான்கு தட்டல் கேட்கிறது. அந்தச் சொல் என்னவென்று படம் சொல்வதே இல்லை. தட்டலை எண்ணித்தான் சிரிக்க வேண்டும். கடைசி வரிசையில் நான்கும் தனித்தனியாகக் கேட்டால் அளவு சரி. ஆள் நிறைந்த அறை ஒலியை உறிஞ்சும் என்பதால் காலி அறையில் வைத்ததைவிடச் சற்றுக் கூட்டி வையுங்கள்.

ஆங்கில சப்டைட்டிலைப் போடுங்கள். காது மந்தமானவர்களுக்கு மட்டுமல்ல, கேப்டனாக வரும் ரெக்ஸ் ஹாரிசன் மாலுமி வசையை வேகமாகக் கொட்டும்போது எல்லோருக்கும் உதவும்.

தமிழ்ப் பார்வையாளர்கள் அதிகம் என்றால் தமிழ் சப்டைட்டில் தயாரித்து ஓட்டலாமே என்று தோன்றும். உரிமதாரர் ஒப்புதல் இல்லாமல் வசனத்தை மொழிபெயர்த்துத் திரையில் ஓட்டுவது உங்கள் உரிமத்துக்குள் வராது. பதிலாக ஒரு பக்கக் கதைச் சுருக்கத்தைத் தமிழில் சொந்தமாக எழுதி வாசலில் கொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம், இங்கிலாந்து, விதவை லூசி மியூர் மாமியாரையும் நாத்தனாரையும் விட்டு, மகளோடும் பணிப்பெண் மார்த்தாவோடும் கடலோர வீட்டுக்கு வருவது, வீட்டின் பழைய சொந்தக்காரரான கேப்டன் டேனியல் கிரெக்கின் ஆவி அங்கேயே இருப்பது, வருமானம் நின்றுபோக, அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதும் புத்தகம், லண்டனில் சந்திக்கும் மைல்ஸ் ஃபேர்லி. அங்கேயே நிறுத்துங்கள். முடிவை எழுதாதீர்கள்.

9. அறிவிப்பு

உரிமத்தாளில் விளம்பர நிபந்தனை தனிப் பத்தியாக இருக்கும். அதைத்தான் யாரும் படிப்பதில்லை. ஆண்டு உரிமங்கள் பலவற்றில் படத்தின் பெயரையோ ஸ்டுடியோவின் பெயரையோ வெளியாட்கள் பார்க்கும் விளம்பரத்தில் போடக் கூடாது. உறுப்பினர்களுக்கு மட்டும் பெயரோடு அனுப்பலாம். ‘ஒரு 1947 ஹாலிவுட் காதல் படம்’ என்று பொது அறிவிப்பில் எழுதிச் சமாளிக்கலாம். படங்களை இணையத்தில் பொறுக்காமல் முகவர் தருவதைப் பயன்படுத்துங்கள்.

‘பேய்ப்படம்’ என்று விளம்பரம் செய்யாதீர்கள். அக்டோபர் இறுதியில் ஹாலோவீனுக்காகப் போட ஆசை வரும். திகிலுக்கு வந்தவர்கள் இருபதாவது நிமிடத்தில் ஃபோனை எடுத்துவிடுவார்கள். ‘காதல் கதை, ஒருவர் மட்டும் உயிரோடு இல்லை’ என்றால் சரியான கூட்டம் வரும். குழந்தைகளுக்குப் பயமுறுத்தும் காட்சி இல்லை. பத்து வயதுக்குக் கீழே சலிப்புத்தான் தட்டும். கேப்டன் எப்படி இறந்தார் என்ற பேச்சில் எரிவாயுவும் தற்கொலைச் சந்தேகமும் வருகின்றன என்பதைப் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

10. அன்று மாலை

கதவு திறக்குமுன் டிஸ்கின் எச்சரிக்கைத் திரைகள், மெனு எல்லாவற்றையும் கடந்து படத்தின் தொடக்கத்தில் நிறுத்தி வையுங்கள். சில பிளேயர்கள் சில நிமிடம் நின்றால் திரைகாப்புக்குப் போய்விடும், சில முற்றிலும் அணைந்துவிடும். அமைப்பில் அதை முன்பே முடக்குங்கள். உரிமத்தாள், காப்பீட்டுச் சான்றிதழ், ஹால் ரசீது மூன்றின் நகலும் ஓர் உறையில் கையோடு இருக்கட்டும்.

முன்னுரை ஐந்து நிமிடம். இயக்குநரின் வாழ்க்கை வரலாறெல்லாம் வேண்டாம். கவனிக்க இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஆவியைக் காட்ட இந்தப் படம் கண்ணாடி போன்ற உருவத்தையெல்லாம் பெரும்பாலும் நாடுவதில்லை. ஹாரிசன் சதையும் எலும்புமாக நிற்கிறார், வெளிச்சமும் கேமராக் கோணமும்தான் மீதியைச் செய்கின்றன. இரண்டாவது, லூசிக்கும் கேப்டனுக்கும் இடையே உள்ள தூரம். அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று மட்டும் சொல்லி உட்காருங்கள். ஏன் என்று கடைசி நிமிடத்தில் தெரிந்துகொள்வார்கள். சிறுமி ஆனாவாக வருவது நடாலி வுட் என்பதைச் சொல்லாமல் விட்டால் படத்தின் நடுவே யாராவது பக்கத்து இருக்கையில் கிசுகிசுப்பார்கள், ஆகவே அதையும் சொல்லிவிடுங்கள்.

இடைவேளை விடாமல் ஓட்டுவதே சரி. முதியவர்கள் அதிகம் என்றால், புத்தகம் எழுதி முடித்து அவள் லண்டன் கிளம்புமுன் பத்து நிமிடம் விடுங்கள். நேரக் குறியை முன்பே எழுதி வையுங்கள். தூங்கும் லூசியிடம் கேப்டன் விடைபெறும் காட்சியை ஒட்டி நிறுத்தக் கூடாது. தாங்கள் சேர்ந்து பார்த்திருக்கக்கூடிய கடல்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லும் அந்த இடத்துக்கும் அடுத்த காலைக்கும் நடுவே விளக்கு எரிந்தால் பாதிப் படம் போச்சு.

படம் முடிந்தவுடன் விளக்கைப் போடாதீர்கள். இசை நின்று பத்து நொடி கழித்து, பின்வரிசை விளக்கிலிருந்து தொடங்குங்கள். பேச்சைத் தொடக்க ஒரே கேள்வி போதும்: கேப்டன் உண்மையில் இருந்தாரா, அவள் கண்ட கனவா? வளர்ந்த ஆனா தன் தாயிடம் சொல்லும் விஷயத்தை யாராவது எடுத்துப் போடுவார்கள், அதற்குப் பிறகு நீங்கள் பேச வேண்டியிருக்காது.

11. மறுநாள்

வருகைக் கணக்கை உரிமத்தில் கேட்டிருந்தால் அவர்கள் குறித்த நாளுக்குள் அனுப்புங்கள். கட்டணம் வைத்திருந்தால் வசூல் அறிக்கையும். தலை எண்ணுவதைப் படம் தொடங்கிப் பதினைந்து நிமிடம் கழித்து ஒருவரிடம் ஒப்படைத்திருந்தால் இது ஒரு வேலையே இல்லை. முகவர் தந்த பிரதி என்றால் தாமதக் கட்டணம் ஏறுமுன் திருப்பியனுப்பி, அனுப்பிய ரசீதை வையுங்கள். ஹால் வைப்புத் தொகை தானாகத் திரும்பி வரும் என்று இருந்துவிடாதீர்கள். சாவியை ஒப்படைக்கும்போதே அறையின் நிலையைப் புகைப்படம் எடுத்து, தொகை எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.